பழைய அடுப்பை உடைப்பதற்கு முன்னால்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதல் நாளே உங்கள் கையில் ஒரு சாக்கும் ஒரு சுத்தியலும் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். சாக்கு எதற்கு, சுத்தியல் எதற்கு என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். சுத்தியலை எப்போது கீழே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாளியின் மகள், நம் சின்ன சயாமா, என்னைக் கடைக்கு வந்து உங்கள் முன்னால் பேசச் சொன்னாள். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. "இத்தனை வருஷம் வீடு வீடா அடுப்பு வித்த ஆளுக்கு என்ன வெட்கம்?" என்று சிரித்தாள். நான் எங்கே விற்றேன்? அடுப்பு தன்னைத் தானே விற்றுக்கொண்டது. நான் கரியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன், அவ்வளவுதான். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்த தமிழ் இது. தப்பு இருக்கும். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு, தெரிந்தவர்கள் பர்மியத்தில் சொல்லிவிடுங்கள்.

நம் அடுப்பு உங்களுக்குத் தெரியும். உள்ளே சுட்ட மண், நடுவே சாம்பல், வெளியே தகரம். சூடு முழுதும் சட்டிக்குப் போகும், பக்கவாட்டில் வராது. அதைக் காட்டத்தான் ஒரு வீசைக் கரியைத் தராசில் இரண்டாகப் பிரித்து, பாதியை அந்த வீட்டு அடுப்பிலும் பாதியை நம் அடுப்பிலும் போட்டு, இரண்டிலும் ஒரே அளவு அரிசியை வேக வைக்கிறோம். கடைசியில் உள்ளங்கையை நம் அடுப்பின் வயிற்றில் வைத்துக் காட்டுகிறோம். எரிகிற அடுப்பின் மேல் ஒருத்தி கை வைப்பதைப் பார்த்ததும் பாதி வீடுகள் அங்கேயே விழுந்துவிடும்.

வாங்குகிறவர்கள் பழைய அடுப்பை நம் கண் முன்னாலேயே உடைக்க வேண்டும் என்பது நம் முதலாளி பெரிய சயா வைத்த வழக்கம். உடைத்தால்தான் விலையைக் குறைத்துக் கொடுப்பார். உடைத்ததற்குச் சாட்சியாக, அடுப்பின் தலையில் சட்டி உட்காரும் மூன்று குமிழில் ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. "ரெண்டையும் வெச்சுக்கிட்டா ரெண்டிலயும் கரி போடுவாங்க. அப்புறம் மிச்சமே ஆகலை, ஏமாத்திட்டாங்கன்னு நம்மளைத்தான் ஏசுவாங்க." நானே அப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். புது அடுப்பில் குழம்பும் பழைய அடுப்பில் வெந்நீரும் கொதிக்கும். மாசக் கடைசியில் கரி முன்னைவிட அதிகமாகச் செலவாகியிருக்கும்.

ஆரம்பத்தில், ஃபாக்டரிகள் நிறைந்த லைங் தாயாவில் ஒரு பாடம் கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிரிக்கிற கதை.

தையல் ஃபாக்டரிக்குப் போகிற மூன்று பெண்பிள்ளைகள், ஒரே அறையில் குடியிருந்தார்கள். சோறு வெந்தது, கரி மிஞ்சியது, என் கையும் சுடவில்லை. மூன்றும் வாயைப் பிளந்தன.

"போட்ட காசு எப்ப திரும்பும் டோ லட்சுமி?" என்று மரியாதை வைத்துக் கேட்டாள் ஒருத்தி.

"நாலு மாசத்துல."

"நாலு மாசத்துக்குள்ள நான் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுவேனே."

"உன்னை எவன் கட்டிக்கப் போறான்? உன் சோத்தைத் தின்னு பார்த்தவன் ஒருத்தன்கூட ரெண்டாவது தடவை வரலை," என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே காசைப் போட்டு வாங்கினார்கள். இரண்டு மாசம் கழித்துப் போனேன். ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரி நம் அடுப்பில் நாய்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப நல்ல அடுப்பும்மா," என்றாள் என்னிடம்.

அன்றைக்கு ஒன்று படித்துக்கொண்டேன். காசு திரும்புகிற வரைக்கும் இவர்கள் இந்த வீட்டில் இருப்பார்களா என்று கேட்க வேண்டும். அதன் பிறகு கேட்டேன். கேட்கத் தெரிந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைத்தான் கற்றிருந்தேன். இன்னொன்று இருப்பது தெரியாது.

இனி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலா.

டாலா படகுத்துறையில் பருப்பு வடை போட்டு விற்பவள் முனியம்மா. என்னைவிட இரண்டு வயது கூட, அதனால் அக்கா என்பேன். ஒரே மகள் தனம். மருமகன் கோ மணி சைக்கா மிதிக்கிறவன். அவனுடைய மூன்று சக்கர வண்டியில்தான் நான் துறையிலிருந்து அடுப்புகளை ஏற்றிக்கொண்டு போவேன். அப்படித்தான் பழக்கம். ஒரு மழைக்காலத்தில், மதியம், அவர்கள் வீட்டுக்கே அடுப்பைக் கொண்டுபோனேன்.

"என்ன லச்சுமி, பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி வாசல்லயே நிக்கிறே? உள்ள வாடி, நனையாதே," என்றாள் முனியம்மா.

வீடு இரண்டு தடுப்பு. பின்பக்கம் சமையல், முன்பக்கம் படுக்கை. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் சுவர். அந்தச் சுவரோடு சேர்த்துப் பெரிய மண் அடுப்பு ஒன்று போட்டிருந்தது. வாய் அகலம், உடம்பு கனம். கரியை அள்ளித் தின்கிற ஜாதி. சமையல் பக்கம் பின்னால் திறந்தே கிடந்ததால் பற்றவைக்கிற புகை அந்தப் பக்கமே போய்விடும்.

சுவருக்கு இந்தப் பக்கம் தனம் உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம். முதுகை அந்த மண் சுவரில் சாய்த்திருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு கயிறு. அதில் பழைய கைலியைக் கிழித்த சின்னச் சின்னத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பிறக்கப் போகிற பிள்ளைக்கு. சுவரின் மேல் மணியின் நனைந்த செருப்பு, ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் கருவாடு.

இதையெல்லாம் நான் பார்த்தேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்ல முடிகிறது. பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

கரியை நிறுத்துப் பிரித்தோம். அரிசி போட்டோம். நம் அடுப்பில் சோறு வடித்து இறக்கியபோது கரி கனிந்து கிடந்தது. அவள் அடுப்பில் கரி சாம்பலாகியும் சோறு அரைவேக்காடாக இருந்தது. நான் என் கையை நம் அடுப்பின் வயிற்றில் வைத்தேன். முனியம்மாவும் வைத்தாள்.

"அடியே, இது என்ன, கிணத்துக் கல்லு மாதிரி இருக்கு!" என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் அடுப்பைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷமா நான் போட்ட கரியெல்லாம் எங்கடி போச்சு?"

"வெளியே போச்சு அக்கா. வீட்டைச் சூடாக்கிட்டுப் போச்சு. அத்தனையும் வீண்."

என் வாயால்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

"காசு எப்ப திரும்பும்?"

அவள் வடைக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு கரி போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு, "மூணு மாசத்துல அக்கா," என்றேன். இந்தத் தடவை, வீட்டை விட்டு எங்கேயும் போகிற யோசனை இருக்கிறதா என்று மறக்காமல் கேட்டேன். "எங்க போறது, ஆத்துக்குள்ளயா?" என்றாள்.

சுத்தியலை எடுத்தேன். அப்போதுதான் தனம் வாயைத் திறந்தாள்.

"சின்னம்மா, இதை இப்பவே உடைக்கணுமா?"

"ஏம்மா?"

"பிள்ளை பொறந்து ஏழு நாள் கழிச்சு வந்து உடைங்களேன்."

நிறைமாசக்காரி இருக்கிற வீட்டில் அடுப்பை இடிக்கக் கூடாது என்று ஏதோ சாஸ்திரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்கிறவர்களை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். மூன்று மணிக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அந்த மாசம் டாலாவில் என் சாக்கு வேறு லேசாக இருந்தது. சயா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்திருந்தார்.

"சாஸ்திரமெல்லாம் பார்த்தா கரி மிச்சமாகாதும்மா," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் என்னைப் போலத்தான், ஒரு தடவை கேட்பாள், இரண்டாவது தடவை கேட்க நாக்கு வராது. அது எனக்குத் தெரியாதா? எல்லாரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு தடவை வாய் திறக்க அவள் எவ்வளவு நேரம் உள்ளுக்குள்ளே தயார் பண்ணியிருப்பாள் என்று.

முனியம்மாதான் முதல் அடி அடித்தாள். "போடி, கரி தின்னி!" என்று அடுப்பைத் திட்டிக்கொண்டே அடித்தாள். எல்லாரும் சிரித்தோம். தனமும் கொஞ்சம் சிரித்தாள். ஒரு குமிழ் தனியாகக் கழன்று விழுந்தது. அதை எடுத்துச் சாக்கில் போட்டேன். கப்பலில் மடியில் சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அந்தக் குமிழின் சூடு துணியைத் தாண்டித் தொடையில் தெரிந்தது. குளிருக்கு இதமாக இருந்தது.

ஒரு மாசம் கழித்து, அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். படகுத்துறையில் முனியம்மாவின் இடம் காலியாக இருந்தது. கோ மணி சைக்காவோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்தும் வழக்கம்போல, "வாங்க சின்னத்தே, இன்னைக்கு எத்தனை அடுப்பு?" என்று கேட்கவில்லை. ஏறச் சொல்லித் தலையை மட்டும் அசைத்தான். பாதி வழியில், முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டே, எனக்கு முகத்தைக் காட்டாமல் சொன்னான்.

இங்கே பிள்ளை பெற்றவளை ஏழு நாள் நெருப்புப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். மீத்வின் என்பார்கள். பர்மியர் வழக்கம்தான், ஆனால் நம் ஜனமும் எத்தனையோ தலைமுறையாக இங்கே இருக்கிறோமே, நம் வீடுகளிலும் பழகிவிட்டது. முனியம்மா தனத்தைப் பெற்றபோதும் அந்த மண் சுவருக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தாளாம். அடுப்பு அந்தப் பக்கம் எரியும். சுவர் சூடேறும். புகையும் வராது, கங்கும் வராது, சூடு மட்டும் வரும். தனம் எந்தச் சாஸ்திரமும் பார்க்கவில்லை. அவள் அந்தச் சுவரைத்தான் கேட்டாள்.

பிள்ளை பிறந்தது மழை விடாமல் பெய்த வாரத்தில். பெண் பிள்ளை. புது அடுப்பில் வடையும் சோறும் நன்றாக வெந்தன. சுவர் மட்டும் சில்லென்று ஓதமடித்துக் கிடந்தது. துணிகள் காயவில்லை. பிள்ளையின் கை கால் குளிர்ந்தே இருந்தது. நாலாம் நாள் மணி ஒரு காலிப் பெயிண்ட் டின் கொண்டுவந்தான். அடுப்பிலிருந்து கனிந்த கரியை அதில் அள்ளி, பாய் பக்கத்தில் வைத்தார்கள். மேலே இன்னும் கொஞ்சம் கரி போட்டார்கள். இப்போதுதான் கரி மிச்சமாகிறதே. கரியில் புகை இல்லை, அதனால் பயமும் இல்லை. சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினார்கள். அவன் வண்டிக்குப் போனான். முனியம்மா துறைக்குப் போனாள்.

மதியம் பத்தியச் சோறு கொடுக்க முனியம்மா வந்தபோது தாயும் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினாள். தனத்தை மழைக்குள் இழுத்துப் போட்ட பிறகு வாந்தி எடுத்துக் கண்ணைத் திறந்தாள். பிள்ளை திறக்கவில்லை.

வண்டி நின்றது. நான் இறங்கவா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மணி, "இறங்குங்க, பார்த்துட்டுப் போங்க," என்றான்.

தனம் அதே இடத்தில், அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் உடைத்த மண் அப்படியே குவிந்து கிடந்தது. யாரும் அள்ளிக் கொட்டவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"நான் கேட்டேனே சின்னம்மா," என்றாள்.

அது ஒன்றுதான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை.

கடைக்கு வந்து பெரிய சயாவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பினார். மூடிய அறைக்குள்ளே கரி நெருப்பு வைக்கக் கூடாது என்று இனி ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் இன்றைக்கும் சொல்கிறீர்களே, அது அன்றைக்கு வந்ததுதான். அதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். கரியில் புகை இல்லை என்றால் நச்சுக்காற்று இல்லை என்று அர்த்தமில்லை.

"உடைக்கிற வழக்கத்தை என்ன சயா செய்யறது?" என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அது.

"அதை விட்டா கணக்கு நிக்காது டோ லட்சுமி. டின்ல கரி வெச்சது அவங்க. நம்ம அடுப்பு மேல தப்பு இல்லை."

அடுப்பு மேல தப்பு இல்லைதான். நானும் சொல்லவில்லையே.

அன்றைக்குச் சாயங்காலம் பின்கட்டில் குமிழ் சாக்குகளைக் கொட்டித் தேடினேன். எதற்கென்று கேட்காதீர்கள். கிடைத்தால் கொண்டுபோய் யாரிடம் கொடுத்திருப்பேன்? எல்லாக் குமிழும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. எது தனத்தின் வீட்டுக் குமிழ் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சில்லென்று இருந்தன. திரும்ப அள்ளிப் போட்டுக் கட்டிவிட்டேன்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தராசை எடுப்பதற்கு முன்னால் கேட்பேன்: இந்த அடுப்பு சமைக்கிறதைத் தவிர இந்த வீட்டுக்கு வேறு என்ன செய்கிறது? முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். சும்மா இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வரும். கியாக்தானில் ஒரு வீட்டில் மழைக்காலத்து மீனெல்லாம் அடுப்புக்கு மேலேதான் காய்ந்தது. இன்னொரு வீட்டில் முடக்குவாதக்காரர் ஒருவர் காலையில் முட்டியை அடுப்போரம் வைத்துச் சூடேற்றினால்தான் எழுந்து நடப்பார். ஒரு வீட்டில், "எங்க பூனை அங்கதான் குட்டி போடும்," என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். பெரியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சில வீட்டில், வாங்குங்கள், ஆனால் மழை முடிந்த பிறகு உடைக்கலாம் என்பேன். சில வீட்டில், உங்களுக்கு இது கட்டாது, வேண்டாம் என்பேன். வெளியே போகிற சூடெல்லாம் வீண் இல்லை. அது எங்கே போகிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். என் சாக்கு லேசாகிக்கொண்டே போனது. கடைசியில் சயா என்னைப் பின்கட்டில் தகரம் மடிக்கிற வேலைக்கு மாற்றினார். அதில் எனக்குக் குறை இல்லை. வேலையை விடுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

நீங்கள் இப்போது கரண்டு அடுப்பும் விற்கிறீர்கள். கரண்டு வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் கேட்டுக்கொள்கிறீர்கள் என்று சின்ன சயாமா சொன்னாள். நல்லது. அந்த அடுப்புக்கும் இதையே கேளுங்கள். வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து யாராவது மெல்ல ஒரு தடவை ஏதாவது கேட்டால், கப்பல் போனால் போகட்டும், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். நானும் ஏன் என்று கேட்டேன்தான். ஆனால் பதிலைக் கேட்கிற மாதிரிக் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு வேலையாக டாலா போனேன். முனியம்மா துறையில் தன் பழைய இடத்தில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து வடை போட்டுக்கொண்டிருந்தாள். நம் அடுப்பில்தான். தகரம் துருப்பிடித்திருந்தது, ஆனால் கட்டு விடவில்லை. நான் பார்க்காத மாதிரிப் போய்விடலாம் என்று இருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"லச்சுமி, வாடி. நனையாதே."

பக்கத்தில் உட்கார்ந்தேன். தனமும் மணியும் லைங் தாயாவில் இருக்கிறார்களாம். அவள் தையல் வேலைக்குப் போகிறாளாம். தீபாவளிக்கு வருவாளாம், மழைக்காலத்தில் மட்டும் வீட்டுப் பக்கம் வர மாட்டாளாம்.

இரண்டு வடையை எடுத்து இலையில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

"அடுப்பு நல்ல அடுப்புதான்," என்றாள். "நீ சொன்ன மாதிரியே மூணு மாசத்துல காசு திரும்பிடுச்சு."

குத்திக் காட்டினாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மழை வலுத்தது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தது. முனியம்மாவின் கால் இரண்டும் நனைந்திருந்தன. பேசிக்கொண்டே அவற்றை அடுப்பை ஒட்டி நகர்த்தி வைத்திருந்தாள். என்னை அறியாமல் என் கை போய் அடுப்பின் வயிற்றைத் தொட்டது. மேலே எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குச் சில்லென்று இருந்தது.

அவள் என் கையைப் பார்த்தாள்.

"வராதுடி," என்றாள். "சூடு வெளியவே வராது. நீதானே சொன்னே."